பழைய எழுத்துரு மாற்றியை டிஃபெண்டர் பிடித்துவிட்டது: மீட்கலாமா, வேண்டாமா?

கேள்வி இதுதான். டிடிபி சென்டர் நடத்தும் ஒருவர், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன சாஃப்ட்வேரைப் பல வருஷமாகப் பயன்படுத்தி வருகிறார். இன்ஸ்டால் செய்யவே தேவையில்லாத ஒற்றை எக்ஸ்இ ஃபைல். பென் டிரைவிலிருந்து நேராக ஓடும். அதை விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் திடீரென்று 'டிரோஜன்:வின்32/வாகடாக்.பி!எம்எல்' என்று சொல்லிக் குவாரன்டைனில் போட்டுவிட்டது. "இத்தனை நாள் ஒன்றும் செய்யாத ஃபைல் இன்றைக்கு எப்படி வைரஸ் ஆகும்? தெரிந்தவர் ஒருவர் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிவிட்டு ஓட்டு என்கிறார். செய்யலாமா?" என்று கேட்கிறார்.

ஆஃப் பண்ண வேண்டாம். மீட்பதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். குவாரன்டைன் என்றால் ஃபைல் அழிந்துவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். அப்படி இல்லை. டிஃபெண்டர் அதை எடுத்து, புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் தனக்கென்று வைத்திருக்கும் இடத்தில், குறியாக்கம் செய்து பூட்டி வைத்திருக்கிறது. அங்கே இருக்கும்வரை அது ஓடாது, வேறு ஃபைலைத் தொடாது, வேண்டும் என்றால் அப்படியே திரும்பக் கிடைக்கும். அதனால் இன்று மாலைக்குள் முடிவெடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி எதுவும் இல்லை. மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான். ஆன்டிவைரஸ்கள் பழைய குவாரன்டைன் சரக்கை ஒரு கட்டத்தில் தாங்களே காலி செய்துவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கே வருவோம். 'இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லை' என்பது நல்ல சாட்சிதான், ஆனால் அதற்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று, ஃபைல் மாறவில்லை, டிஃபெண்டரின் டெஃபனிஷன், அதாவது வைரஸை அடையாளம் காணும் விதிகளின் தொகுப்பு, மாறிவிட்டது. ஆன்டிவைரஸுக்குத் தினமும் பல தடவை புதுப்பிப்பு வருகிறது. நேற்றுவரை கண்டுகொள்ளாத ஒன்றை இன்று வந்த புதிய விதி பிடிக்கும். இன்னொன்று, டெஃபனிஷன் அதேதான், உங்கள் ஃபைல் மாறிவிட்டது. பென் டிரைவில் கடை கடையாக அலைந்த எக்ஸ்இ என்றால் இந்த இரண்டாவதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஆகவே 'இந்த சாஃப்ட்வேர் நல்லதா கெட்டதா' என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட, 'என் கையில் இருப்பது செய்தவர் வெளியிட்ட அதே ஃபைல்தானா' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஊகம்தான் பதிலாக வரும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் திட்டமான பதிலே கிடைக்கும்.

முதலில் டிஃபெண்டர் கொடுத்த பெயரைப் படியுங்கள். மைக்ரோசாஃப்ட் வைக்கும் பெயருக்கு ஒரு வரிசை உண்டு: என்ன வகை, எந்தத் தளம், எந்தக் குடும்பம், அதில் எந்த வடிவம், கடைசியில் எப்படிப் பிடிபட்டது என்பதற்கான ஒரு வால். உங்களுக்கு வந்த பெயரில் 'எம்எல்' என்ற வால் இருக்கிறது. மெஷின் லேர்னிங் என்று பொருள். அதாவது, தெரிந்த ஒரு வைரஸின் அடையாளம் உங்கள் ஃபைலில் அப்படியே இருந்தது என்று டிஃபெண்டர் சொல்லவில்லை. இந்த ஃபைலின் தோற்றமும் கட்டமைப்பும் கெட்ட ஃபைல்களைப் போல இருக்கிறது என்று ஒரு கணிப்பைச் சொல்கிறது. தவறான எச்சரிக்கைகள் அதிகம் வருவது இந்த வாலோடுதான். 'வாகடாக்.பி!எம்எல்' என்ற பெயரை, பைதானில் எழுதி எக்ஸ்இ ஆக்கிய தங்கள் சொந்த புரோகிராமுக்கே வாங்கிய மாணவர்கள் ஏராளம். ஆனால் நல்ல புரோகிராம் போல வேடமிட்டு வரும் உண்மையான டிரோஜன்களும் இதே பெயரில்தான் பிடிபடுகின்றன. அதனால் வாலைப் பார்த்துச் சந்தேகப்படலாம், தீர்ப்பு எழுத முடியாது.

இதுவே 'டிரோஜன்' என்ற இடத்தில் 'வைரஸ்' என்று இருந்து, பின்னால் சாலிட்டி, ராம்னிட், வைருட் என்று ஏதாவது வந்திருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். பேச்சில் எல்லாவற்றையும் வைரஸ் என்றாலும், ஆன்டிவைரஸ் பெயரில் அந்தச் சொல் வந்தால் அதற்குத் தனி அர்த்தம்: நல்ல ஃபைலுக்குள் தன்னை ஒட்டவைத்துக்கொண்டு பரவும் ரகம். சாலிட்டி 2003 முதல் இருக்கிறது, ராம்னிட் 2010இல் வந்தது. ராம்னிட்டின் சர்வர்களை 2015 பிப்ரவரியில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் முன்நின்று முடக்கியது. ஆனாலும் ஏற்கெனவே தொற்றிய எக்ஸ்இகள் பழைய பென் டிரைவ்களிலும் பேக்கப் சிடிகளிலும் இன்னும் கிடக்கின்றன. அப்படிப்பட்ட ஃபைலில் கொடுமை என்னவென்றால், எழுத்துரு மாற்றி வழக்கம்போல நன்றாகவே வேலை செய்யும். பாமினி யூனிகோடாக மாறும். கூடவே ஒட்டிக்கொண்டு வந்ததும் ஓடும். 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்பது அங்கே எதையும் நிரூபிக்காது.

அதனால் டிஃபெண்டரில் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, அன்றைக்கு வேறு என்னென்ன பிடிபட்டது என்று பாருங்கள். இந்த ஒரு ஃபைல் மட்டும்தான் என்றால் தவறான எச்சரிக்கையாக இருக்க நல்ல வாய்ப்பு. எழுத்துரு மாற்றி, பழைய பேஜ்மேக்கர், பிரிண்டர் டிரைவரின் செட்டப், யாரோ கொடுத்த கால்குலேட்டர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எக்ஸ்இகள் ஒரே பெயரில் வரிசையாகப் பிடிபட்டிருந்தால், அத்தனையும் தவறான எச்சரிக்கையாக இருப்பது அபூர்வம். தொற்று பரவியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஹாஷ். ஒரு ஃபைலின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு வரும் 64 எழுத்து அடையாளம்தான் எஸ்எச்ஏ-256. உள்ளே ஒரே ஒரு பைட் மாறினாலும் அடையாளம் முழுக்க மாறிவிடும். அதே ஃபைல்தானா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறு இல்லை. குவாரன்டைனில் இருப்பதை அப்படியே ஹாஷ் எடுக்க முடியாது, வெளியே எடுத்தாக வேண்டும். இதற்கென்று டிரைவில் காலியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதை மட்டும் டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில், அதாவது சோதிக்காமல் விட வேண்டியவற்றின் பட்டியலில், சேர்த்துக்கொள்ளுங்கள். டிஃபெண்டருடன் வரும் எம்பிசிஎம்டிரன் என்ற கமாண்ட்லைன் கருவியில், ரீஸ்டோர் கட்டளையோடு பாத் என்று சேர்த்து, வேறு ஃபோல்டருக்கு மீட்க வழி இருக்கிறது. அதை வைத்து அந்தக் காலி ஃபோல்டருக்குள் எடுங்கள். அச்சுறுத்தலின் பெயரைச் சொல்லி 'எல்லாவற்றையும்' என்று மீட்காதீர்கள். அதே பெயரில் பிடிபட்ட வேறு ஃபைல்களும் சேர்ந்து வெளியே வந்துவிடும். வந்த எக்ஸ்இயை டபுள் கிளிக் செய்யக் கூடாது. டிஸ்க்கில் சும்மா கிடக்கும் எக்ஸ்இ எதுவும் செய்யாது, ஓட்டினால்தான் ஆபத்து. அப்புறம் விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' கட்டளை கொடுத்தால் அந்த 64 எழுத்து வந்துவிடும். இது கைக்கு வராது என்று தோன்றினால் தயங்காமல் விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். கை தவறிக் கிளிக் ஆகிற இடம் இது.

அந்த ஹாஷை வைரஸ்டோட்டல் தளத்தில் தேடுங்கள். 2004இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012இல் கூகுள் வாங்கிய சேவை. ஒரு ஃபைலை எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ் இன்ஜின்களிடம் காட்டி, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று பட்டியல் போடும். பெரும்பாலானோர் மேலே இருக்கும் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உள்ளே படிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. எழுபதில் எட்டு என்றால் எட்டுப் பேர் தனித்தனியாகச் சோதித்துச் சொன்னதாக எண்ண வேண்டாம். பிட்டிஃபெண்டர் என்ற வேறொரு ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் இன்ஜினை உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பல உண்டு. எம்சிசாஃப்ட், ஜி டேட்டா, மும்பையிலிருந்து வரும் ஈஸ்கேன் எல்லாம் அந்த வகை. பிட்டிஃபெண்டர் தவறினால் இவை எல்லாம் சேர்ந்து தவறும், பட்டியலில் அத்தனையும் தனித்தனிச் சிவப்பாகத் தெரியும். எட்டு வரிகளிலும் எழுத்து மாறாமல் ஒரே பெயர் இருந்தால் அது ஒரே ஆளின் கருத்து. 'ஜெனரிக்', 'சஸ்பிஷியஸ்', 'ஹ்யூரிஸ்டிக்', 'ஏஐ' என்று பொதுப்படையாக ஆளுக்கொரு பெயர் சொன்னால், யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். மாறாக, தங்கள் சொந்த இன்ஜின் வைத்திருக்கும் மூன்று நான்கு பெரிய நிறுவனங்கள் ஒரே குடும்பப் பெயரைக் குறிப்பிட்டுச் சொன்னால், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் நம்புங்கள்.

அதே பக்கத்தில் விவரங்கள் பகுதிக்குப் போனால், இந்த ஃபைல் அங்கே முதல்முதலில் எப்போது வந்தது என்ற தேதி இருக்கும். உங்கள் விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் தடயம் இதுதான். பல வருஷமாகப் பலர் பயன்படுத்தும் ஒரு மாற்றி என்றால், அதன் அசல் ஃபைலை யாரோ ஒருவர் எப்போதோ அங்கே ஏற்றியிருப்பார். ஹாஷ் 2013 தேதியோடு கிடைத்து, இரண்டு மூன்று பொதுப்பெயர் எச்சரிக்கைகள் மட்டும் இருந்தால் மனது லேசாகலாம். ஹாஷையே அந்தத் தளம் கண்டதில்லை என்று வந்தால் யோசிக்க வேண்டும். ஊரெல்லாம் வைத்திருக்கும் சாஃப்ட்வேரின் உங்கள் பிரதியை மட்டும் உலகில் யாரும் பார்த்ததில்லை என்றால், அது வழியில் எங்கோ மாறியிருக்கிறது. அசல் இன்னும் கிடைக்கிறதென்றால் அளவையும் ஒப்பிடுங்கள். அசல் 400 கேபி, உங்களுடையது 520 கேபி, பதிப்பு எண் இரண்டிலும் ஒன்றே என்றால், அந்தக் கூடுதல் 120 கேபி செய்தவர் வைத்தது கிடையாது.

இங்கே டிடிபி சென்டர்காரர்களுக்கு ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வைரஸ்டோட்டலில் ஏற்றும் ஃபைல் உங்களோடு நிற்காது. ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்கும் கட்டணம் கட்டும் ஆய்வாளர்களுக்கும் அதைத் தரவிறக்கிப் பார்க்கும் வசதி உண்டு. எக்ஸ்இயை ஏற்றுவதில் பிரச்சினை இல்லை. பிடிபட்டது வாடிக்கையாளரின் வேர்டு ஃபைலோ, ஸ்கேன் செய்த ஆதார் அட்டையோ, கிரயப் பத்திரமோ என்றால் ஹாஷை மட்டும் தேடுங்கள், ஃபைலை ஏற்றாதீர்கள். அது உங்களை நம்பிக் கொடுத்தவருடைய சொத்து.

தவறே இல்லாத ஃபைலை ஏன் பிடிக்கிறது என்று பலருக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான். பழைய தமிழ்க் கருவிகள் பல தனி ஆட்கள் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகக் கொடுத்தவை. ஃபைலைச் செய்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழுக்கு வருஷா வருஷம் பணம் கட்ட அவர்களிடம் வசதி இல்லை. விஷுவல் பேசிக் 6இல் எழுதி, அளவு குறைய யுபிஎக்ஸ் போட்டுச் சுருக்கியிருப்பார்கள். வைரஸ் எழுதுகிறவர்களும் உள்ளே இருப்பதை மறைக்க அதே யுபிஎக்ஸைப் போடுகிறார்கள். தட்டச்சு சாஃப்ட்வேர் என்றால் இன்னும் மோசம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் கேட்டுத்தான் அது தமிழ் எழுத்தாக மாற்ற முடியும். கடவுச்சொல் திருடும் கீலாக்கரும் விசைகளைக் கேட்பது அதே வழியில்தான். கையொப்பம் இல்லை, பயன்படுத்துவோர் குறைவு, சுருக்கப்பட்ட ஃபைல் என்று எல்லாம் சேரும்போது கணிப்பு கெட்ட பக்கம் சாய்கிறது. இதில் செய்தவர் மீது எந்தத் தப்பும் இல்லை.

பெரிய நிறுவனங்களின் ஃபைல்களுக்கே இது நடந்திருக்கிறது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட 5958 என்ற டெஃபனிஷன், விண்டோஸ் எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் என்ற அடிப்படை ஃபைலையே வைரஸ் என்று பிடித்தது. உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க் இழந்து, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் ஆன்டிவைரஸ் தன்னுடைய அப்டேட்டரையே பிடித்தது. 2022 செப்டம்பரில் டிஃபெண்டர், குரோம், டிஸ்கார்ட் போன்றவற்றைத் திறக்கும்போதெல்லாம் 'ஹைவ்.இஸட்ஒய்' என்று கூவியது. புதிய டெஃபனிஷன் வந்ததும் நின்றது. சிஸ்டம் ஃபைல் எதுவும் இப்படிச் சிக்கினால் ரீஸ்டார்ட் செய்யாமல், முதலில் டெஃபனிஷன் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இந்தக் கதைகளைப் படித்துவிட்டு 'ஆன்டிவைரஸ் எப்போதும் இப்படித்தான்' என்று முடிவுகட்டியவர்கள் வாங்கிய அடியும் இருக்கிறது. 2023 மார்ச்சில், 3சிஎக்ஸ் என்ற தொலைபேசி அழைப்பு சாஃப்ட்வேரின் புதுப்பிப்பைப் பாதுகாப்புக் கருவிகள் தடுக்க ஆரம்பித்தன. முறையாக வந்த புதுப்பிப்பு, நிறுவனத்தின் செல்லுபடியாகும் கையொப்பம் எல்லாம் இருந்தது. தவறான எச்சரிக்கையாகத்தான் இருக்கும் என்று நினைத்த வாடிக்கையாளர்கள் பலர். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து உண்மை வெளிவந்தது: அந்த நிறுவனத்துக்குள்ளேயே ஊடுருவி, புதுப்பிப்பில் நஞ்சைக் கலந்திருந்தார்கள். 2017இல் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் சாஃப்ட்வேரின் 5.33 பதிப்புக்கும் இதுதான் நடந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஆக, கையொப்பம் சரியாக இருப்பது நல்ல அடையாளம், ஆனால் அது முழு உத்தரவாதம் இல்லை. நன்றாகத் தெரிந்த சாஃப்ட்வேர்தானே என்று சொல்வதும் அப்படியே.

சோதித்துப் பார்த்ததில் தவறான எச்சரிக்கை என்றே தோன்றினால், மீட்பதற்கு முன்னால் ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமான வேலையாகப் படுகிறது. மைக்ரோசாஃப்டுக்கு இதற்கென்றே ஃபைல் சமர்ப்பிக்கும் பக்கம் இருக்கிறது. வீட்டுப் பயனரா, நிறுவனமா, சாஃப்ட்வேர் செய்தவரா என்று கேட்டுவிட்டு, தவறாகப் பிடிபட்டது என்று குறிப்பிடவும் இடம் தரும். டிஃபெண்டர் காட்டிய பெயரை எழுத்து மாறாமல் கொடுங்கள், ஃபைல் எங்கிருந்து வந்தது, என்ன செய்யும் என்று இரண்டு வரி எழுதுங்கள். 1991 முதல் சென்னையில் இயங்கும் கே7 உட்பட மற்ற நிறுவனங்களும் இப்படிப்பட்ட மாதிரிகளை வாங்கிப் பார்க்கின்றன. மெயிலில் அனுப்பச் சொன்னால், கடவுச்சொல் போட்ட ஜிப்பாக அனுப்புவது வழக்கம். இல்லாவிட்டால் வழியிலேயே இன்னொரு ஆன்டிவைரஸ் பிடித்துவிடும். அங்கே ஒரு மனிதர் பார்த்துத் திருத்தினால், அந்த மாற்றியை வைத்திருக்கும் எல்லோருக்கும் பிரச்சினை தீரும், அதை எழுதியவரின் பெயரும் காப்பாற்றப்படும். செய்தவரின் மெயில் முகவரி இருந்தால் அவருக்கும் ஒரு வரி தட்டிவிடுங்கள். தன் ஃபைல் பிடிபடுகிறது என்பதே பலருக்குத் தெரியாது.

பதில் வருமுன் கட்டாயம் வேலை ஆக வேண்டும் என்றால், விண்டோஸ் புரோ பதிப்பில் இருக்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸைப் பயன்படுத்துங்கள். உங்கள் விண்டோஸுக்குள்ளேயே தனியாகத் திறக்கும் தற்காலிக விண்டோஸ் அது. மூடியவுடன் உள்ளே நடந்தது அத்தனையும் அழிந்துவிடும். மாற்றிய உரையை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒழுங்காக ஓடியது என்பதால் ஃபைல் சுத்தம் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஹோம் பதிப்பில் இந்த வசதி கிடையாது. அப்படியென்றால் பிரவுசரிலேயே பாமினியை யூனிகோடாக மாற்றும் பக்கங்கள் இருக்கின்றன. வாடிக்கையாளரின் அந்தரங்கம் எதுவும் இல்லாத உரை என்றால் அதுவே போதும், எக்ஸ்இ இல்லாமலே வேலை முடிந்துவிடும்.

டெஃபனிஷனைப் புதுப்பித்து, ஃபைல் இருக்கும் ஃபோல்டரை எக்ஸ்க்ளூஷனிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்து, எச்சரிக்கை போய்விட்டது என்றால் தாராளமாக மீட்டுக்கொள்ளுங்கள். போகாமலேயே மீட்க முடிவெடுத்தால், அந்த ஒரு ஃபைலை மட்டும் அனுமதியுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ டி டிரைவையோ முழுதாக எக்ஸ்க்ளூஷனில் போடுவதைப் பல கடைகளில் பார்க்கிறேன். அது திறந்த வாசல். நாளைக்கு வரும் நிஜமான வைரஸும் அந்த வழியாகவே நுழையும். ஹாஷ் எடுக்க உருவாக்கிய அந்தக் காலி ஃபோல்டரின் எக்ஸ்க்ளூஷனையும் வேலை முடிந்த கையோடு எடுத்துவிடுங்கள்.

கிராக் செய்த ஃபோட்டோஷாப், கீஜென், ஆக்டிவேட்டர் பற்றியும் கேட்பீர்கள். 'ஹேக்டூல்' என்று அவற்றைப் பிடிப்பது தவறான எச்சரிக்கை கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அசல் என்று ஒன்றே அங்கே இல்லாததால், மேலே சொன்ன எந்தச் சோதனையும் அவற்றுக்கு உதவாது. மீட்காதீர்கள்.

கடைசியாக, சோதனையில் தொற்று என்றே தெரிந்தால். குவாரன்டைனில் இருப்பதை அழித்துவிட்டு, டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடும் என்பதால், ஓடிக்கொண்டே ஒளிந்திருப்பவையும் மாட்டும். அந்த மெஷினில் பேங்க், ஜிஎஸ்டி, மெயில் எதையாவது திறந்திருந்தால், கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான மெஷினிலிருந்தோ போனிலிருந்தோ மாற்றுங்கள். பெயர் ராம்னிட் அல்லது சாலிட்டி என்று வந்திருந்தால், கடையில் இருக்கும் எல்லா பென் டிரைவையும் ஸ்கேன் செய்யுங்கள். சமீபத்தில் உங்கள் மெஷினில் பென் டிரைவ் செருகி ஃபைல் வாங்கிப்போனவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லத் தயக்கமாக இருக்கும். ஆனால் அவர்கள் வீட்டு மெஷினில் டிஃபெண்டர் அணைந்து கிடக்கலாம், நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியவரும்.